விரல் அசைந்தால் எலும்பு முறியவில்லை என்று அர்த்தமில்லை

புதிதாக ஒரு மலை சைக்கிள் பாதை திறந்தால், செய்தியில் பார்க்காமலே எலும்பு முறிவுப் பிரிவில் எங்களுக்குத் தெரிந்துவிடும். வார விடுமுறை முடிந்ததும் வீங்கிய மணிக்கட்டுகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். விழுந்த அன்றே வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மாதக்கணக்கில் கழித்து, "சுளுக்குதானே என்று விட்டுவிட்டேன் டாக்டர்" என்று வருகிறார்களே, அவர்களால்தான் இதை எழுதுகிறேன். போன வாரமும் ஒருவர் வந்தார்.

"விரலெல்லாம் நன்றாக அசைந்ததே!" இதை இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப்போகிறேனோ. விரலை மடக்கி நீட்டும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. நடுவிலுள்ள சிறு எலும்பு இரண்டாகப் பிளந்து கிடந்தாலும், நாண் இழுத்தால் விரல் மடங்கத்தான் செய்யும். ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டிக்கொண்டே முறிந்த எலும்போடு என் எதிரில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அதே கையோடு மீதிப் பாதையை ஓட்டி முடித்தவர்களும் உண்டு. வீக்கம் குறைவாக இருப்பதையும் நம்ப வேண்டாம்.

ஸ்கேஃபாய்டு என்பது அந்த எலும்பு. கையை ஊன்றி விழும்போது முறியும். கட்டை விரலை நன்றாக விரித்துத் தூக்குங்கள்; அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி தெரியும். விழுந்த பிறகு அங்கே அழுத்தி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். அதனால்தான் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்கிறோம். பணம் பிடுங்க அல்ல. எம்ஆர்ஐ எடுத்தால் அதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்த எலும்புக்குப் பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போதாமல் ஒட்டாமலே போகலாம், செத்தும் போகலாம். அப்புறம் ஸ்க்ரூ, இடுப்பிலிருந்தோ முன்கையிலிருந்தோ எலும்பு எடுத்து வைப்பது, மாதக்கணக்கில் சைக்கிளைத் தொடாமல் இருப்பது.

சரி, புதுப் பாதையில் ஏன் இத்தனை பேர் விழுகிறார்கள்? மண் இன்னும் இறுகியிருக்காது. எல்லோரும் பிரேக் பிடிக்கும் வளைவுக்கு முன்னால், காலையில் இல்லாத பள்ளம் மாலையில் இருக்கும். பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் பச்சை (எளிது), நீலம் (நடுத்தரம்), கறுப்பு (கடினம்) என்ற நிறக் குறிகளும் பெரும்பாலும் அந்த இடத்துப் பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான். ஓரிடத்து நீலம் இன்னோரிடத்தில் கறுப்பாக இருக்கலாம். "நான் நீலம் ஓட்டுகிறவன்" என்று நேராக அதில் இறங்காதீர்கள். முதலில் பச்சை, அதுவும் மெதுவாக. தாவுகிற மேடு வந்தால் இறங்கி நடந்துபோய், மறுபக்கம் எங்கே தரையைத் தொடுவீர்கள் என்று பாருங்கள். கை சோர்ந்த பிறகு "கடைசியாக ஒரே ஒரு ரவுண்டு" வேண்டவே வேண்டாம்.

தலையில் அடிபட்டு, தலைவலியோ குழப்பமோ கேட்டதையே திரும்பக் கேட்பதோ இருந்தால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. வாந்தி வந்தாலோ தலைவலி கூடிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்கு. அடி வாங்கிய ஹெல்மெட்டையும் மாற்றுங்கள்.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழுந்தவர் எப்படியும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். கட்டை விரலுக்கு அடியிலுள்ள அந்தக் குழியை நீங்களே அழுத்திப் பாருங்கள். மோதிரம் இருந்தால் அங்கேயே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு நாங்கள் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.