நெஞ்சை ‘நீ’ என்று அழைத்தால் என்ன ஆகிறது?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கொழுந்து எடை போடும் இடத்தில், நாலு பேர் பார்க்க, மூட்டையைக் கொட்டிக் கிளறி, “முற்றிய இலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்று முதல் படுத்தால் “நான் எதற்கும் லாயக்கில்லை” என்ற ஒரே பல்லவி. வேதாகமத்தில் (பைபிளில்) உள்ள 42-ஆம் சங்கீதத்தை, அதாவது துதிப்பாடலை, வாசித்தால் மட்டும் மனம் லேசாகிறது. இதற்கு அறிவியலில் காரணம் உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. அவமானத்தை உடல் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. பிறர் நம்மை மதிப்பிடும்போது, நம் கையில் எதுவும் இல்லை என்ற நிலையும் சேர்ந்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிக அதிகமாகச் சுரக்கிறது என்று, 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2004-இல் காட்டியது. அந்தச் சுரப்பு அடங்கிவிடும். அடங்காதது, “நான், நான்” என்று தன்னையே சுற்றும் நினைப்பு. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதிக்கு அதில் பெரும் பங்கு.

இப்போது அந்தச் சங்கீதத்தைப் பாருங்கள். பாடுகிறவர் “நான் கலங்குகிறேன்” என்று புலம்பவில்லை. “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று தன்னையே எதிரில் உட்காரவைத்துக் கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதுவரை திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒருவரே. ‘நீ’ வந்ததும் விசாரிக்கிறவர் ஒருவர் முளைத்துவிடுகிறார். பக்கத்துத் தோட்டக்காரியின் மூட்டை திரும்பி வந்திருந்தால், நம் வாசகி அவரை லாயக்கற்றவர் என்றா சொல்வார்? “எத்தனை நாள் இடைவெளி விட்டுப் பறித்தாய்?” என்றுதானே கேட்பார்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஈத்தன் கிராஸ் குழுவினர் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். பலர் முன் பேசுவதற்குத் தயாராகும்போது, தங்களை ‘நான்’ என்று எண்ணாமல் ‘நீ’ என்றோ பெயர் சொல்லியோ அழைத்துக்கொண்டவர்கள், பேசி முடித்தபின் அதையே நினைத்து மருகுவது குறைந்தது. 2017-இல் மூளையையே பார்த்தார்கள். தன்னைப் பெயர் சொல்லி அழைத்தபோது, மன உளைச்சலைக் காட்டும் மூளையின் மின் அலை ஒரு விநாடிக்குள் தணிந்தது. கசப்பான நினைவுகளை அசைபோட்டபோது அந்த நடுக்கோட்டுப் பகுதியும் அடங்கியது. உணர்ச்சியை அடக்க மூளை கூடுதலாகப் பாடுபட்டதற்கான அடையாளம் இல்லை என்பதுதான் அழகு.

அந்தச் சோதனைகளில் சங்கீதம் கிடையாது. முடிச்சுப் போடுவது நான். நமக்கும் இது புதிதல்ல. குறளின் 125-ஆம் அதிகாரத்தின் பெயரே ‘நெஞ்சொடு கிளத்தல்’, அதாவது நெஞ்சோடு பேசுதல். கொடைக்கானலில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுக்கிறோம், நல்ல காரியம். ‘நெஞ்சே’ என்று விளிக்கும் தமிழ் மூளையை ஸ்கேன் செய்து பார்க்கவும் யாராவது கொஞ்சம் பணம் ஒதுக்கக் கூடாதா? செய்வினை எடுப்பதாகச் சொல்லிக் கயிறு விற்பவர்களுக்குப் போகும் காசில் ஒரு பங்கு போதும்.

எந்த வசனமும் மருந்தாகிவிடாது. 22-ஆம் சங்கீதத்தில் “நானோ ஒரு புழு” என்று வருகிறது. அந்தப் பாட்டு அதைத் தாண்டித் துதியில் போய் முடிகிறது. தன்னை நொந்துகொள்ளவே வாசிக்கிறவர் புழுவோடு நின்றுவிடுவார். 42-இல் “நீ ஏன் கலங்குகிறாய்?” என்ற கேள்வி இரண்டு முறை வருகிறது, 43-இன் கடைசியில் இன்னொரு முறை. ஒரு தடவை கேட்டு அடங்குகிற நெஞ்சு அல்ல அது. வாசகி அங்கே தன் பெயரையே போட்டு வாசித்துப் பார்க்கலாம். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சங்கீதத்தை விட்டுவிடும்படி அவர் சொல்லப் போவதில்லை.