பழைய கிற்றாருக்குப் புது நிறம்: வன்னிக் காற்றும் லாக்கரும்

மாரி காலத்தில் மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ எலெக்ரிக் கிற்றாருக்குக் கறுப்பு லாக்கர் (விசிறி அடிக்கும் மினுக்கப் பெயின்ற்) அடித்தால், காய்வதற்குள்ளேயே அது பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடலாம். ரின் பழையது என்று கடைக்காரரைக் குறை சொல்லமுன் காற்றைப் பார்க்க வேண்டும்.

லாக்கரை இளக்கி வைத்திருக்கும் கரைப்பானான தின்னர் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. வெப்பநிலை 28 பாகை, ஈரப்பதன் 85 சதவீதம் என்றால் பனிபடுநிலை, அதாவது காற்றின் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 25 பாகை. பரப்பு 3 பாகை குளிர்ந்தாலே நீராவி அதன்மேல் நீராகப் படியும். அந்த நுண்துளிகள் லாக்கருக்குள் அகப்பட்டு ஒளியைச் சிதறடிப்பதே நாம் காணும் வெண்மை. 33 பாகை வெயிலில் ஈரப்பதன் 55 சதவீதமாக இருந்தால் 10 பாகை குளிர வேண்டும். அது இலகுவில் நடவாது. வெளுத்த லாக்கரையும் மீட்கலாம்: காற்று உலர்ந்த நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மென்படலமாக விசிறினால் லாக்கர் இளகி, அடைபட்ட நீர் வெளியேறும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தொல்லை வேறு. துளிகள் கிற்றாரைத் தொடமுன்பே பாதி காய்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக ஒட்டும். கிரவல் வீதித் தூசியும் சேரும். வன்னிக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம். காலைப் பனி விலகி, 9 மணிக்குப் பின், காற்று எழமுன் அடித்து முடிப்பது நல்லது.

அடிப்பதற்கு முன்பான வேலையே பெரிது. வயர்களைப் படமெடுத்துவிட்டு தந்தி, கழுத்து, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), பிறிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் உலோகப் பாகம்) எல்லாவற்றையும் கழற்றவும். தேய்க்கமுன் சவர்க்கார நீராலும், பிறகு கிறீஸ் நீக்கியாலும் துடைக்க வேண்டும். பழைய பொலிஷிலுள்ள சிலிக்கன் எஞ்சியிருந்தால் புதுப் பெயின்ற் அந்த இடத்தைவிட்டு விலகி வட்டக் குழிகளாகும். முதலில் தேய்த்தால் சிலிக்கன் இன்னும் பரவும்.

பல கிற்றார்களின் தொழிற்சாலைப் பூச்சு பொலியெஸ்டர். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் தின்னரில் கரையாது. அதை மரம்வரை உரித்தெடுப்பது வீண் உழைப்பு. உறுதியாக ஒட்டியிருந்தால் அதையே அடித்தளமாக வைத்து, உடைந்த இடங்களை பில்லரால் நிரப்பி, 320 இலக்க சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்தால் போதும். கழுத்து பொருந்தும் குழியை மறைத்து ஒட்டவும். அங்கே பெயின்ற் தடித்தால் கழுத்து இறுகி, பூச்சு வெடிக்கும்.

400 மில்லிலீற்றர் ரின்களில் பிறைமருக்கு (அடிப்பூச்சு) 1, நிறத்துக்கு 2, கிளியருக்கு (நிறமற்ற மேற்பூச்சு) 2 வேண்டும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகளாக, 10 முதல் 15 நிமிட இடைவெளியில் அடிக்கவும். தடிப்பாக அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே அடைபட்ட தின்னர் கொப்புளமாக வெடிக்கும். வாகனக் கராஜ்களில் அடிக்கும் இருபாகக் கிளியர் மிக உறுதியானது. ஆனால் அதன் வன்மையாக்கியிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலைத் தாக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த வேலையை முறையான காற்றோட்டமும் சுவாசக் கவசமும் உள்ள கராஜிடமே கொடுங்கள்.

லாக்கர் கடினமாக 3, 4 கிழமை எடுக்கும். மறைவான இடத்தில் நகம் பதிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பிறகு 1000, 1500, 2000 இலக்க சாண்ட்பேப்பர்களால் வரிசையாக நீர்விட்டுத் தேய்த்து, கொம்பவுண்ட் என்ற மினுக்கும் பசையால் மினுக்கலாம். திரும்பப் பூட்டும்போது, பிறிட்ஜுக்குக் கீழே வரும் எர்த் வயர் உலோகத்தைத் தொடுகிறதா பாருங்கள். இடையில் பெயின்ற் இருந்தால் அம்ப்பில் இரைச்சல் கேட்கும்.