புத்தகம் கேட்பது இருட்டு, வாசகர் கேட்பது வெளிச்சம்

பாரிஸில் 1996ஆம் ஆண்டு வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட பிரான்ஸ் தேசிய நூலகத்தில் நான்கு மூலைகளில் நான்கு கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் 79 மீட்டர். கட்டடக் கலைஞர் தொமினிக் பெரோவின் வடிவமைப்பில் புத்தகங்கள் கோபுரங்களுக்குப் போயின; வாசகர்கள் கீழே, பள்ளத்தில் அமைந்த தோட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதாவது, வெயில் பட்டால் கெட்டுப்போகும் பொருள் வெயிலில். வெளிச்சம் இல்லாமல் வேலை நடக்காத மனிதர்கள் கீழே. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் மரப்பலகைகளைப் பொருத்தி வெயிலை மறைக்கவேண்டியதாயிற்று. கண்ணாடியால் சுவர் எழுப்பி, அதையே மரத்தால் மூடுவதற்கு இரண்டு முறை செலவு.

பசுமை நூலகம் என்றதும் கூரையில் சூரிய மின்தகடும் சுவரில் கொடியும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவை தவறில்லை, ஆனால் கதை அங்கே தொடங்குவதில்லை. நூலகம் என்பது ஒரே கூரையின் கீழ் இரண்டு வேறுபட்ட குடித்தனங்கள். ஒன்று காகிதம், மற்றொன்று மனிதர். முன்னதற்குக் குளிர்ச்சி, இருட்டு, அசையாத காற்று. பின்னதற்கு மிதமான வெப்பம், வெளிச்சம், புதுக்காற்று. இரண்டையும் ஒரே அறையில் ஒரே இயந்திரத்தால் திருப்திப்படுத்த முயலும்போதுதான் மின்கட்டணம் எகிறுகிறது.

காகிதம் ஏன் கெடுகிறது? செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளே காகிதத்தின் உடல். ஈரமும் அமிலமும் சேர்ந்து அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மை ஊறிப் பரவாமலிருக்க, காகிதக் கூழில் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரமே காகிதத்துக்குள் அமிலத்தை விதைத்தது. நூறு வயதான செய்தித்தாள் விரலில் நொறுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெப்பம் கூடினால் இந்த வேதிவினை வேகம் பிடிக்கும். சேமிப்பறையின் வெப்பநிலையை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தால் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது நூல் பாதுகாப்புத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வேறு பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மருந்தாகப் பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்ற அளவு. அதிலும் ஊசி அங்கே இங்கே நகரக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. வெளிக்காற்று 30 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் ஏறக்குறைய 20 கிராம் நீராவி இருக்கும். உள்ளே வேண்டியதோ 7 கிராம்தான். மீதி 13 கிராமைப் பிரித்தெடுக்க வழக்கமான குளிரூட்டும் கருவிக்குத் தெரிந்த வழி ஒன்றே: நீராவி தானாகத் துளித்துளியாக வடியும் அளவுக்குக் காற்றைக் குளிர்விப்பது. 20 டிகிரி, 50 சதவீதத்துக்கு அந்தப் புள்ளி 9 டிகிரிக்குச் சற்று மேலே. ஆகவே 30 டிகிரிக் காற்றை 9 டிகிரிக்கு இறக்கி, நீரை வடித்து, பிறகு ஹீட்டர் போட்டு மறுபடியும் 20 டிகிரிக்கு ஏற்றவேண்டும். குளிர்விக்க ஒரு மின்செலவு, குளிர்வித்ததைச் சூடாக்க இன்னொன்று. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

இலக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். 24 டிகிரி, 55 சதவீதம் போதும் என்றால், உள்ளே 10 கிராம் நீராவி இருக்கலாம். காற்றை 14 டிகிரிக்கு மேல் நிறுத்திவிடலாம். புதிதாக ஓர் இயந்திரமும் வாங்காமல், ஒரு செங்கல்லும் வைக்காமல், வடிக்கவேண்டிய நீரில் நான்கில் ஒரு பங்குக்கு அருகே குறைகிறது. மீண்டும் சூடாக்கும் செலவும் சுருங்குகிறது. காகிதத்தின் ஆயுள் சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் பொதுநூலகத்தின் கடன்வாங்கும் பிரிவில் இருக்கும் நாவல், அமிலத்தால் நொறுங்குவதற்குப் பல காலம் முன்பே வாசகர் கைகளில் கிழிந்துவிடும். அதற்கு அரிய சுவடிக்குரிய தட்பவெப்பம் எதற்கு? கலைப்பொருள், நூல் பாதுகாப்பு வல்லுநர்களின் உலக அமைப்புகளான ஐஐசி, ஐகாம்-சிசி ஆகியவை 2014இல் வெளியிட்ட கூட்டுப் பிரகடனமும், பராமரிப்பு நெறிகள் சுற்றுச்சூழலுக்குத் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. அருங்காட்சியக உலகில் இன்று 40 முதல் 60 சதவீதம் வரை, 16 முதல் 25 டிகிரி வரை மெல்ல ஏறி இறங்குவதைப் பெரும்பாலான பொருட்களுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். மெல்ல என்பதுதான் இதில் முக்கியம். திடீர்த் தாவலே காகிதத்தையும் தோல் அட்டையையும் முறுக்குகிறது.

அந்த மெல்லத்தைப் புத்தகங்களே பார்த்துக்கொள்ளும் என்பதை நான் இந்தத் துறையின் மிக அழகான உண்மையாகக் கருதுகிறேன். 100 கன மீட்டர் கொண்ட ஓர் அறை, 20 டிகிரி, 50 சதவீதம்: காற்றில் மிதக்கும் மொத்த நீர் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதே அறையில் 10 டன் புத்தகங்கள் இருந்தால், காகிதம் தன் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம் நீரை உறிஞ்சி வைத்திருப்பதால், அவற்றுக்குள் 600 கிலோ நீர் இருக்கிறது. காற்று கொஞ்சம் உலர்ந்தால் புத்தகங்கள் சிறிது கொடுக்கும். நனைந்தால் சிறிது எடுத்துக்கொள்ளும். அவற்றின் கையிருப்பில் அது கணக்கிலேயே வராத அளவு. ஒரே நிபந்தனை, அறைக் காற்று வெளிக்காற்றோடு ஓயாமல் கலந்துகொண்டிருக்கக் கூடாது. கதவிடுக்கும் சன்னல் ஓட்டையும் அடைபட்டிருந்தால் புத்தக அடுக்குகளே ஈரப்பதத்தைச் சமன்செய்யும் இயந்திரமாகிவிடுகின்றன.

இதை நம்பிக் கட்டடமே கட்டியவர்கள் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 1971இல் தடித்த செங்கல் சுவர்களோடும் குறுகிய திறப்புகளோடும் எழுந்தது. இயந்திரத்தின் உதவி பெரிதாக இல்லாமல் உள்ளே தட்பவெப்பம் நிலைத்து நின்றதால் ‘கொலோன் மாதிரி’ என்ற பெயரே ஏற்பட்டது. அந்தக் கட்டடம் 2009 மார்ச் 3 அன்று இடிந்து விழுந்தது. பழி அருகில் நடந்த சுரங்க ரயில் பணியுடையது, சுவருடையது அல்ல. டென்மார்க்கின் வைலெ நகரில் 2003 முதல் இயங்கும் கூட்டுச் சேமிப்பகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சுவருக்கும் கூரைக்கும் நல்ல வெப்பக்காப்பு கொடுத்துவிட்டு, தரையை மட்டும் காப்பில்லாமல் மண்ணோடு பேசவிட்டார்கள். கோடையின் வெப்பத்தை மண் வாங்கிவைத்து, குளிர்காலத்தில் திருப்பித் தருகிறது. அங்கே குளிரூட்டி கிடையாது; காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் சிறிய கருவி தேவைப்படும்போது ஓடும்.

வெப்ப நாடுகளில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். சராசரியே 28 டிகிரி என்றால் மண் குளிர்ச்சி தராது. ஆனால் கனத்த சுவர், இறுக்கமான கதவு, தனியாக ஈரம் நீக்கும் கருவி ஆகிய மூன்றும் அங்கேயும் பலன் தரும். குளிரைவிட நிலைத்தன்மை மலிவாகக் கிடைக்கும்.

இனி மறு குடித்தனம். வாசிப்பறையில் 200 பேர் உட்கார்ந்தால், ஆளுக்குச் சுமார் 100 வாட் வீதம், 20 கிலோவாட் வெப்பம் அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் வெளியே விடும் மூச்சில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. புதுக்காற்று வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு 12 பேர் இருக்கும்போதும் 200 பேருக்கான காற்றை ஊதித் தள்ளுவது ஏன்? கார்பன் டை ஆக்சைடு உணரி ஒன்றைச் சுவரில் பொருத்தி, அது சொல்லும் அளவுக்கு மின்விசிறியின் வேகத்தை மாற்றலாம். இதில் இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. விசிறிக்குத் தேவைப்படும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தைப் பாதியாக்கினால், கொள்கையளவில், எட்டில் ஒரு பங்கு மின்திறன் போதும். நடைமுறையில் மோட்டாரின் இழப்புகள் கொஞ்சம் தின்றுவிடும். அப்படியும் இதைவிட லாபமான முதலீடு அதிகம் இல்லை. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மொழி இலக்கிய நூலகம் (கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர், 2005) இரட்டைத் தோல் போர்த்திய குமிழி. ஆண்டின் பெரும்பகுதி விசிறியைக்கூட நம்பாமல், சூடான காற்று மேலே எழும் இயல்பாலேயே மூச்சுவிடுகிறது.

வெளிச்சம் சற்று நுணுக்கமான விஷயம். படிக்க 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். நேரடி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். தேவைக்கு மேல் இருநூறு மடங்கு, கூடவே வெப்பம், புற ஊதாக் கதிர். ஆகவே வெயிலைத் தடுத்து, வானத்தின் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடவேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகக் கட்டடத்தில் (2005) கட்டடக் கலைஞர் கென் யாங் வெளிச்சுவரிலிருந்து நீளும் அகலமான தடுப்புகளை வைத்தார்; அவை கண்ணாடிமீது நிழல் போடுகின்றன, ஒளியைக் கூரையில் தெறிக்கவைத்து அறைக்குள் அனுப்புகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் (1963) வேறு வழி கண்டது: சன்னலே இல்லை. சுமார் 3 செ.மீ. தடிமனுள்ள பளிங்குப் பலகைகள் வழியாக ஒளி கசிந்து வருகிறது. பாரிஸுக்கு முப்பது ஆண்டு முன்பே இதைச் செய்துவிட்டார்கள். புத்தக அடுக்குகளுக்கு இவ்வளவு சிந்தனைகூட வேண்டாம். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணையும் எல்இடி விளக்குகள் போதும்.

கூரைக்கு வருவோம். நூலகம் பகலில் அதிகம் இயங்குவதால் சூரிய மின்சாரம் அதற்குப் பொருத்தமானது. மேலும் சொல்ல எதுவுமில்லை. தைவானின் பெய்தோ கிளை நூலகம் (2006) கூரையில் விழும் மழையைப் பிடித்துக் கழிப்பறைகளுக்கு அனுப்புகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகத்தின் சாய்வான கூரை முழுக்கப் புல். மண் வெப்பத்தைத் தடுக்கும், மழையைத் தாமதப்படுத்தும். எனினும் புத்தகக் கிடங்கின் தலைக்குமேல் ஈரமண் என்றால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். கசிவு எங்கே என்று மண்ணுக்கு அடியில் தேடுவது எளிதல்ல. தோட்டத்தை வாசிப்பறைக்கு மேலே வையுங்கள், கிடங்குக்கு மேலே வேண்டாம்.

பூச்சி விரட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு காலத்தில் நச்சுப்புகை போட்டார்கள். அதில் ஒன்றான மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் கைவிடப்பட்டது. 1977இல் பைனெக்கி நூலகத்தில் வண்டு புகுந்தபோது, புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, உறைநிலைக்கு வெகு கீழே சில நாட்கள் வைத்துக் கொன்றார்கள். மருந்தும் இல்லை, எச்சமும் இல்லை. போர்ச்சுகலின் கொயிம்ப்ரா நகரில் உள்ள 18ஆம் நூற்றாண்டின் ஜோவனினா நூலகம் இதைவிடச் சிக்கனம்: இரவில் வௌவால்கள் பூச்சிகளைத் தின்கின்றன, ஊழியர்கள் மேசைகள்மீது தோல் விரிப்பைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

புதிதாகப் பசுமைக் கட்டடம் எழுப்பும் ஆசைக்கு ஒரு தடை சொல்லவேண்டும். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. கான்கிரீட்டும் எஃகும் வாங்கிய அன்றே கார்பன் கடன் ஏறிவிடும். சேமிக்கும் மின்சாரத்தால் அதை அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். நல்ல அஸ்திவாரமுள்ள பழைய நூலகம் இருந்தால் அதன் இடுக்குகளை அடைத்து, கூரைக்குக் காப்பிட்டு, சன்னலுக்கு நிழல் கொடுப்பதே முதல் வேலை.

அதற்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்று உண்டு, அதற்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானாகக் குறித்துக்கொள்ளும் சிறு கருவிகள் சிலவற்றை அடுக்குகளுக்கிடையே வைத்து, ஓராண்டு முழுவதையும் பதிவு செய்யவேண்டும். பிறகு இரவில் சில மணி நேரம் குளிரூட்டியை நிறுத்திப் பார்க்கலாம். அறை இறுக்கமாக இருந்தால், காலையில் வரைபடத்தில் கோடு அசைந்தே இருக்காது; மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டி நிறுத்தலாம்.