செயலி நின்றால் ட்ரோன் என்ன செய்யும்?

நூறு மீட்டர் உயரத்தில் ட்ரோன் நிற்கும்போது கைப்பேசித் திரை உறைந்து, செயலி தானாக மூடிக்கொள்கிறது. ட்ரோன் விழுமா, அங்கேயே நிற்குமா, திரும்பி வருமா? கேமரா ட்ரோனுக்குச் செயலி தேடுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். திரையின் பகட்டையும் பயனர்கள் அள்ளித் தந்த நட்சத்திரங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ட்ரோனைச் சாயாமல் காற்றில் நிறுத்துவது கைப்பேசி அல்ல. ட்ரோனுக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கிறது. சாய்வு, முடுக்கம், காற்றழுத்தம், ஜிபிஎஸ் இடம் ஆகியவற்றை உணரிகள் சொல்லச் சொல்ல, அது நொடிக்குப் பல நூறு முறை மோட்டார்களின் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். டிஜேஐ என்ற ட்ரோன் நிறுவனத்தின் மினி 2, ஏர் 2எஸ் போன்றவற்றில் ரிமோட்டும் ட்ரோனும் 2.4 அல்லது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. கைப்பேசி ஒரு கேபிளில் ரிமோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் கட்டளை கைப்பேசியைத் தொடாமலே ட்ரோனுக்குப் போகும். ஆகவே செயலி நின்றாலும் ஓட்டலாம். ரிமோட்டில் உள்ள ‘திரும்பி வா’ பொத்தானும் வேலை செய்யும். எத்தனை மீட்டர் உயரத்தில் திரும்ப வேண்டும் என்று செயலியில் குறித்தது ட்ரோனின் நினைவகத்தில் இருக்கும். பக்கத்தில் 40 மீட்டர் கோபுரம் நிற்க, 30 மீட்டர் என்று குறித்து வைத்திருந்தால் எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது.

2018-இல் வந்த டெல்லோவின் கதை வேறு. 80 கிராம் எடையுள்ள அந்தக் குட்டி ட்ரோனுக்குக் கைப்பேசிதான் ரிமோட், வைஃபைதான் இணைப்பு. ஜிபிஎஸ் கிடையாது என்பதால் கிளம்பிய இடம் அதற்குத் தெரியாது. திரும்பி வரும் பேச்சே இல்லை. இப்படிப்பட்டவற்றில் செயலியின் கோளாறு நேரே பறத்தலின் கோளாறாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். லிச்சி போன்ற பிற நிறுவனச் செயலிகள், வரைபடத்தில் புள்ளிகள் வைத்தால் அந்தப் பாதையில் ட்ரோனைத் தானாகப் பறக்க வைக்கும். டிஜேஐயின் மேவிக் 2-இல் அந்தப் பாதை முழுவதும் ட்ரோனுக்குள் ஏற்றப்பட்டுவிடும். பிறகு கைப்பேசி அணைந்தாலும் பயணம் தொடரும். மினி 2-இல் அந்த வசதி இல்லை. அதில் செயலியே கண்ணுக்குத் தெரியாத விரலாக இருந்து குச்சியை விடாமல் அசைக்கிறது. சிக்னல் அறுந்தால் பாதையும் அறுந்துவிடும். ஒரே செயலி, ஒரே திரை. நம்பகம் மட்டும் ட்ரோனுக்கு ட்ரோன் மாறுகிறது. ‘என் ட்ரோனில் பாதை எங்கே சேமிக்கப்படுகிறது?’ என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ஆளைப் பின்தொடரும் வசதிக்குச் சில செயலிகள் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸையே நம்புகின்றன. வைஃபை மட்டும் கொண்ட ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது.

திரையில் ஓடும் காட்சி எப்போதும் சற்றுப் பழையது. கேமரா எடுத்த படத்தைச் சுருக்கி, அனுப்பி, கைப்பேசி விரித்துக் காட்டுவதற்குள் 200 மில்லி நொடி கழிந்தால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன் 2 மீட்டர் முன்னே போயிருக்கும். வெயிலில் சூடேறித் திணறும் கைப்பேசியில் இந்தத் தாமதம் இன்னும் கூடும். செயலியைத் திட்டுவதற்கு முன் கைப்பேசியையும் சந்தேகிப்பது நியாயம்.

செயலியை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். டிஜேஐ கோ 4 செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பு, கூகுள் பிளேயைச் சுற்றிக்கொண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழியை வைத்திருந்ததாக 2020 ஜூலையில் சினாக்டிவ், கிரிம் என்ற இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் வெளிப்படுத்தின. ஆண்ட்ராய்டுக்கான டிஜேஐ ஃபிளை செயலியை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. தேடலில் முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு தளத்தில் அதே பெயரில் கிடைப்பது அதே செயலி என்பதற்கு உத்தரவாதமில்லை.

செயலி தடுக்கவில்லை என்பதாலேயே பறக்க அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 2025 ஜனவரியில் டிஜேஐ அமெரிக்காவில் தடை மண்டலங்களின் தானியங்கிப் பூட்டை நீக்கி, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகளின்படி பார்க்க வேண்டியது அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடம்: பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன்அனுமதி வேண்டாம், மஞ்சளிலும் சிவப்பிலும் வேண்டும்.