லெதர் பெர்ஃப்யூம்: தமிழில் எப்படிச் சொல்வது?

இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் லெதர் பெர்ஃப்யூமை, அதாவது புது பூட்ஸ், கைப்பை மாதிரி மணக்கும் சென்டை, தேடினால் "தோல் வாசனைத் திரவியம்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? தோலில் பூசிக்கொள்ளும் சென்ட் என்றுதான் நினைப்பார். எல்லா சென்டையும் தோலில்தான் பூசுகிறோம், அப்புறம் இதில் மட்டும் என்ன விசேஷம் என்று குழம்பவும் செய்வார். நம் தமிழில் உடம்பின் தோல், மாட்டுத் தோல், வாழைப்பழத் தோல், செருப்புத் தைக்கும் தோல் எல்லாமே தோல்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மல்லிகையிலிருந்து மல்லிகைத் தைலம் எடுப்பதுபோல, தோலிலிருந்து எண்ணெய் இறக்கி இந்த வாசனையைச் செய்வதில்லை. பச்சைத் தோலுக்கு இருப்பது அழுகல் நாற்றம். புது பூட்ஸிலும் கைப்பையிலும் நாம் முகர்ந்து மகிழும் வாசனை, பதனிடும்போது சேர்ந்த மரப்பட்டை, எண்ணெய், கீல் (தார் போன்ற கறுப்புப் பிசுக்கு), புகை ஆகியவற்றின் வாசனை. அதைத்தான் வாசனைக் கலைஞர்கள் வேறு பொருள்களைக் கூட்டிப் பாவனை செய்கிறார்கள். சிஸ்டஸ் செடியிலிருந்து வரும் லாப்டனம் என்ற பிசின், நீர்நாய் போன்ற பீவர் விலங்கின் சுரப்பிப் பொருள், ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற வேதிப்பொருள் எல்லாம் அந்தக் கூட்டில் வரும்.

பெர்ஃப்யூம் என்ற சொல்லும் புகையிலிருந்து வந்ததுதான். லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'ஃபூமுஸ்' என்றால் புகை. அகில் புகையில் கூந்தல் உலர்த்திய நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசனைகளில் அந்தப் புகையை இன்றும் விடாமல் வைத்திருப்பவற்றில் லெதர் வகை முக்கியமானது. காரணம், ரஷ்யத் தோல்.

பிரெஞ்சில் தோலுக்கு 'குயிர்' என்று பெயர், லத்தீன் 'கோரியம்' அதன் மூலம். இந்த வகை வாசனைக்கு நிலைத்துவிட்ட பெயர் 'குயிர் த ரூஸி', அதாவது ரஷ்யத் தோல். ரஷ்யர்கள் அந்தத் தோலை 'யூஃப்த்' என்றார்கள். ஜோடி என்று பொருள்படும் பாரசீக 'ஜுஃப்த்' என்பதோடு இதை இணைப்பார்கள், தோல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பதனிட்டதால் வந்த பெயர் என்று. வில்லோ போன்ற மரங்களின் பட்டையில் பதனிட்டு, பிறகு பிர்ச் மரக் கீல் எண்ணெயை ஊட்டுவார்கள். அதனால் அந்தத் தோலை நீர் எளிதில் கெடுக்காது, பூச்சியும் அண்டாது.

பிர்ச் என்ற பெயர் நமக்கு அந்நியமாக ஒலிக்கலாம். வடமொழியின் 'பூர்ஜம்' அதற்கு உறவுச் சொல். இமயத்தில் வளரும் இந்த இன மரத்தின் பட்டையில்தான் அந்தக் காலத்தில் சுவடி எழுதினார்கள். கீல் நாம் முன்பே புழங்கிய சொல். தார் ஆங்கிலத்திலிருந்து வந்து ரோட்டோடு ஒட்டிக்கொண்டபின் கீலை மறந்துவிட்டோம். பட்டையை மூடிய கலத்தில் காற்றுப் படாமல் சூடேற்றினால் கறுப்பாக, பிசுபிசுவென்று கீழே வடியும். அதுதான் பிர்ச் கீல்.

அந்த மணம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1786 டிசம்பரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'மெட்டா கதரினா' என்ற கப்பல் இங்கிலாந்தின் பிளிமத் துறையில் புயலில் மூழ்கியது. 1973-இல் நீர்மூழ்கு வீரர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, சேற்றுக்குள் ரஷ்யத் தோல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஏறக்குறைய 200 ஆண்டு கழித்தும் அவற்றில் பல கெடவில்லை. கழுவி உலர்த்தி பையும் காலணியும் தைத்தார்கள். பிர்ச் கீலின் மணமும் போகவில்லை.

ஒரு நண்பர் பிர்ச் கீல் சேர்த்த சென்டை காகிதத் துண்டில் தொட்டு என்னிடம் நீட்டினார். முதல் மூச்சில் அணைந்த விறகடுப்பு, அதன்மேல் தண்ணீர் தெளித்த மாதிரி. மருந்துக்கடை வாடையும் லேசாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மணிக்கட்டில் தடவி முக்கால் மணி நேரம் விட்டபிறகு புகை அடங்கி, வெயிலில் கிடந்த பழைய மணிபர்ஸின் உள்பக்கம் மாதிரி ஒரு இளஞ்சூடான மணம் வந்தது. இரவு வரை முகர்ந்துகொண்டே இருந்தேன்.

தோலுக்கும் வாசனைக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சின் கிராஸ் ஊர் முதலில் தோல் ஊர், பிறகுதான் வாசனை ஊர். கையுறைத் தோலின் நாற்றத்தை மறைக்கப் பூ வாசனை ஏற்றினார்கள். 1614-இல் கையுறைக்காரர்கள் தங்களை வாசனைக்காரர்கள் என்றும் சொல்லிக்கொள்ள அரச உரிமை பெற்றார்கள். அன்று வாசனையால் தோல் வாடையை மறைத்தார்கள். பின்னர் தோல் வாடையே வாசனையாகிவிட்டது.

சரி, இதைப் பூசுகிறவரின் குணம் என்ன? விளம்பரங்கள் ஒரே படத்தைத்தான் காட்டும்: முரட்டு ஆண், பைக், அதிகாரம். குதிரைச் சேணம், படைவீரரின் பூட்ஸ், பிறகு கார் இருக்கை என்று இந்த மணம் உலவிய இடங்கள் அப்படி. ஆனால் வரலாறு அந்தப் படத்துக்கு அடங்கவில்லை. 1919-இல் கரோன் நிறுவனத்துக்காக எர்னஸ்ட் தால்ட்ரோஃப் செய்த 'தபா ப்ளோ(ன்)', சிகரெட் பிடிக்கத் தொடங்கிய பெண்களை மனதில் வைத்து வந்தது. ஷனேலின் 'குயிர் த ரூஸி'யை உருவாக்கியவர் மாஸ்கோவில் பிறந்த எர்னஸ்ட் போ. 1944-இல் வந்த 'பாந்தி' இந்த வகையிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. அதைச் செய்தவர் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்.

சென்டை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் லெதரைத் தேர்ந்தெடுக்கிறவரைப் பற்றி ஒன்று சொல்லலாம். இது பார்த்தவுடன் எல்லோரையும் மயக்கும் மணம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் முதலில் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பொறுத்திருந்து பழகட்டும் என்று இருப்பவர்தான் இதைத் தினமும் பூசுவார். முரட்டுத்தனத்தைவிட நிதானம்தான் இதில் எனக்குத் தெரிகிறது.

இனி தமிழ்ச் சொல். 'அதள்' என்று பழைய சொல் ஒன்று உண்டு. நீண்ட வெண்களர் நிலத்துக்கு உரித்துப் போட்ட அதளை உவமை சொல்கிறது புறநானூற்றின் 193-ஆம் பாட்டு. அழகான சொல், ஆனால் அது உரித்த தோல், பதனிட்டதல்ல. 'சருமம்' இன்று க்ரீம் விளம்பரங்களில் முகத்தோலுக்கு நிலைத்துவிட்டது. 'தோல் மணம்' என்றால் பழைய குழப்பமே திரும்பி வரும்.

நமக்குத் தேவையான சொல் 'பதம்'. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழந்தொழில். அதே பதம்தான் பாகுப் பதத்திலும் சோற்றுப் பதத்திலும் இருக்கிறது. பனஞ்சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தால் பதநீர், மயிர் நீக்கத் தோலையும் சுண்ணாம்புக் குழியில்தான் முதலில் ஊறப்போடுவார்கள். ஒன்று தன் பச்சைத்தன்மை நீங்கிப் பக்குவத்துக்கு வருவதைச் சொல்லும் சொல் அது. ஆளுக்கும் பொருந்தும்: அடிபட்டுப் பதப்பட்ட மனுஷன் என்கிறோம். ஆங்கில லெதரிலோ பிரெஞ்சுக் குயிரிலோ இந்தப் பொருள் இல்லை.

ஆகவே லெதர் பெர்ஃப்யூமுக்கு 'பதத்தோல் நறுமணம்' என்றும், வாசனையின் குணத்தை மட்டும் சொல்லும்போது 'பதத்தோல் மணம்' என்றும் எழுதலாம். குயிர் த ரூஸியைப் பெயராக அப்படியே விட்டு, விளக்கத்தில் 'கீல்புகை ஏறிய ரஷ்யப் பதத்தோல் மணம்' எனலாம். கடைக்குப் போய், "பதத்தோல் மணம் இருக்கா? புகை கொஞ்சம் தூக்கலா வேணும்" என்று கேட்டுப் பாருங்கள், வாயில் இடறாது.