டீம்மேட் ரெண்டு பேர்ல யாரு வேகம்? பாயின்ட்ஸ் டேபிள நம்பாதீங்க

ஃபார்முலா ஒன் கார் ரேஸ்ல முக்கால்வாசி வேலைய கார் செஞ்சுடும், அதனால ஒரு டிரைவர் உண்மையிலேயே எவ்ளோ வேகம்னு தெரியணும்னா அதே கார் ஓட்டுற இன்னொருத்தர் கூடதான் வச்சுப் பாக்கணும், அப்படி இருக்கறது டீம்மேட் ஒருத்தர் மட்டும்தான். சரி எப்படி பாக்கறது? பாதி பேரு நேரா பாயின்ட்ஸ் டேபிளுக்கு ஓடுவாங்க, அங்கதான் சிக்கலே.

2005ல நம்ம நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் டீம்ல ஓட்டினாரு, டீம்மேட் போர்ச்சுகல்காரர் டியாகோ மான்டெய்ரோ. சீசன் முடியும்போது மான்டெய்ரோ 7 பாயின்ட், நரேன் 5. ஆனா நரேனோட 5 பாயின்ட்டும் மான்டெய்ரோவோட 7ல 6ம் ஒரே ரேஸ்ல வந்தது! அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ்ல மிஷலின் டயர் தாங்காதுன்னு அத போட்டிருந்த 14 கார் ஃபார்மேஷன் லேப்போட, அதாவது ரேஸுக்கு முன்னாடி சுத்தற ஒரு சுத்தோட, உள்ள போயிடுச்சு, மிச்சம் ஓடினது ஆறே ஆறு. மான்டெய்ரோ 3வது, நரேன் 4வது. இந்த 7க்கு 5ங்கறத வச்சு யாரு வேகம்னு என்னத்த சொல்ல முடியும்?

அதனாலதான் விவரமானவங்க குவாலிஃபையிங்க பாக்கறாங்க, அதாவது ரேஸ்ல யாரு எந்த இடத்துல இருந்து கிளம்பறதுன்னு முடிவு பண்ற போட்டி. டேங்க்ல பெட்ரோல் கொஞ்சம்தான், டயர் புதுசு, பிட் ஸ்டாப் கிடையாது, ஒரே ஒரு லேப். இதுலயும் கவனம் வேணும், ஏன்னா கார் ஓட ஓட ரோட்டுல ரப்பர் ஒட்டி கிரிப் ஏறிட்டே போகும், குவாலிஃபையிங் க்யூ 1, 2, 3ன்னு மூணு செஷனா நடக்கும், ஸ்லோவானவங்க ஒவ்வொண்ணுலயும் வெளிய போவாங்க, ஒருத்தர் க்யூ 1லயே வெளிய போயிட்டார்னா அவரோட அந்த டைம அடுத்தவரோட க்யூ 3 டைமோட ஒப்பிடக்கூடாது, ரெண்டு பேரும் சேந்து ஓட்டின கடைசி செஷனைத்தான் எடுக்கணும். அப்புறம் மொனாக்கோ டிராக்ல ஒரு லேப் 3.3 கிலோமீட்டர், பெல்ஜியத்துல இருக்கற ஸ்பா டிராக்ல 7 கிலோமீட்டர், ரெண்டு இடத்துலயும் 0.2 செகண்ட் ஒண்ணா? இல்ல, அதனால சதவீதமா மாத்திக்கணும்.

அதுக்கப்புறம் சராசரி எடுக்காதீங்க, மீடியன் எடுங்க, அதாவது வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறது. சும்மா ஒரு கணக்கு: அஞ்சு ரேஸ்ல வித்தியாசம் 0.1, 0.15, 0.2, 0.1, அப்புறம் மழைல மாட்டிக்கிட்டு 2 செகண்ட்னு வைங்க. சராசரி 0.51னு வரும், ஆளு படு ஸ்லோன்னு தோணும். மீடியன் வெறும் 0.15. அந்த ஒரு மழை நாள் மொத்த சீசனையும் கெடுக்காது.

ஆனா குவாலிஃபையிங்கே எல்லாம்னும் சொல்லிட முடியாது. 2010ல இருந்து 2012 வரைக்கும் மெக்லாரன் டீம்ல ஹாமில்டனும் பட்டனும் டீம்மேட். குவாலிஃபையிங்ல ஹாமில்டன் முன்னாடி வந்தது 44 தடவ, பட்டன் 14 தடவ, பேச்சே இல்ல. மூணு வருஷ பாயின்ட்ஸ கூட்டினா பட்டன் 672, ஹாமில்டன் 657! இதுல கொஞ்சம் அதிர்ஷ்டம், 2012 சிங்கப்பூர்லயும் அபுதாபிலயும் ஹாமில்டன் முன்னாடி ஓடிட்டு இருக்கும்போதே கார் படுத்துடுச்சு. கொஞ்சம் 2011ல அவரே போய் இடிச்சுக்கிட்டது. மீதி பட்டனோட நிஜமான திறமை, டயர தேய விடாம ஓட்டறது, ஈரமான ரோடு காயற நேரத்த கணிக்கறது, இதெல்லாம் ஒரு லேப்ல தெரியவே தெரியாது.

அப்ப ரேஸ் வேகத்தையே அளந்துட்டா? அளக்கலாம், ஆனா பாடு. 10 கிலோ பெட்ரோல் கூட இருந்தா லேப்புக்கு சுமார் 0.3 செகண்ட் போகும், அதக் கழிக்கணும், டயர் எத்தன லேப் பழசுன்னு பாக்கணும், முன்னாடி கார் இருந்த லேப்ப எல்லாம் தூக்கிப் போடணும், ஏன்னா அது கலைச்சுவிட்ட காத்துல பின்னாடி வர்ற காருக்கு டவுன்ஃபோர்ஸ், அதாவது கார ரோட்டோட அழுத்தற காத்தோட விசை, குறையும். இவ்ளோ வடிகட்டினா கையில மிஞ்சறது கொஞ்சம் லேப்தான்.

ஏ பி-ய ஜெயிச்சாரு, பி சி-ய ஜெயிச்சாரு, அதனால ஏ சி-ய விட வேகம்னு சங்கிலி கட்டுறாங்க பாருங்க, அதத்தான் நான் சுத்தமா நம்பறதில்ல. 2014ல ரெட்புல் டீம்ல ரிக்கியார்டோ டீம்மேட் வெட்டல பாயின்ட்ஸ்ல 238க்கு 167ன்னு அடிச்சாரு, வெட்டல் அப்பவே நாலு தடவ சாம்பியன். அதே ரிக்கியார்டோ 2021ல மெக்லாரன் போனதும் டீம்மேட் நாரிஸ் 160, இவரு 115. அந்த கார் பிரேக்க விட்டுக்கிட்டே வளையறத விரும்பல, இவரோட ஸ்டைலே அதுதான். ஆனா பாருங்க, அந்த வருஷம் இத்தாலில மொன்சா ரேஸ்ல ஜெயிச்சது ரிக்கியார்டோ, ரெண்டாவது வந்தது நாரிஸ்.