தொடாப்படி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு குதிரைத் தலை இருக்கிறது. இரவெல்லாம் நிலாத் தெய்வம் செலீனியின் தேரை இழுத்த களைப்பில் வாய் பிளந்து, நாசி விடைத்து, தாடை பீடத்தின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில், கிழக்கு முகப்பின் முக்கோணத்தில் இருந்த சிலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனவற்றில் ஒன்று.

2022-இல் இந்தக் குதிரைக்கு இத்தாலியின் கராராவில் ஒரு ஜோடி பிறந்தது. டிஜிட்டல் தொல்லியலுக்கான ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனம் ஒன்று, சிலையை ஸ்கேன் செய்ய முறைப்படி அனுமதி கேட்டது, அருங்காட்சியகம் மறுத்தது. அவர்கள் பார்வையாளர்களோடு பார்வையாளர்களாக உள்ளே போனார்கள். ஐபோனையும் ஐபேடையும் சிலையைச் சுற்றிக் காட்டி அளவெடுத்துத் திரும்பினார்கள். அந்த அளவை வைத்து ஒரு ரோபோ கை பளிங்கைக் குடைந்தது. முதலில் கராராப் பளிங்கில் ஒரு வெள்ளோட்டம். அப்புறம் மூலச் சிலைக்குக் கல் கொடுத்த, ஏதென்ஸ் அருகே வெட்டும் அதே பென்டெலிக் பளிங்கு. விரல் நுனிகூட மூலத்தின் மேல் படவில்லை.

ஆங்கிலப் பத்திரிகைகள் இதை 'ரெப்ளிகா' என்றன. தமிழில் என்ன சொல்வது?

ரெப்ளிகா இத்தாலியச் சொல். அதன் லத்தீன் வேருக்குத் திருப்பி மடித்தல், சுருளைத் திரும்ப விரித்தல் என்று பொருள். அதிலிருந்து திரும்பச் சொல்லுதல், திரும்பச் செய்தல். நம் 'மறுபடி'யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், அத்தனை பொருத்தம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கலை உலகில் அதற்குக் கறாரான பொருள் ஒன்று இருந்தது: மூலத்தைச் செய்த கலைஞனே தன் கையால் இரண்டாம் முறை செய்தது. வேறொருவர் செய்தால் அது வெறும் காப்பி. அந்தக் கணக்கில் கராராக் குதிரை ரெப்ளிகாவே அல்ல. மூலத்தைச் செதுக்கிய சிற்பி போய் 2,400 ஆண்டுக்கு மேலாகிறது. இன்று அந்தக் கறார் கரைந்துபோய், கடைத்தெருவில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று கூசாமல் விற்கிற வாட்ச் வரைக்கும் ரெப்ளிகா இறங்கிவிட்டது.

தமிழில் கைக்கு வருவது நகல். அரபு மொழியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது 'நக்ல்'. 'அசல்' என்ற ஜோடியோடு நம் அரசு அலுவலகக் காகிதங்களில் வந்து உட்கார்ந்த சொல். பத்திரத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் சரி. பளிங்குக் குதிரைத் தலையை நகல் என்றால் ஜெராக்ஸ் கடை வாசனை வருகிறது. 'மாதிரி' அளவு குறைந்ததற்கும், இனிமேல்தான் செய்யப்போவதற்கும் ஆகும். 'போலி' நல்ல சொல்தான், 'போல்' என்பதன் பிள்ளை. ஆனால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று வழக்கில் சிக்கி மானம் இழந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது படி. அகராதி அதற்கு ஒப்பு என்றும் நகல் என்றும் பொருள் தரும். ஏட்டுச்சுவடியைப் பார்த்து எழுதுவது படியெடுத்தல். கல்வெட்டுத் துறையில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கோயில் சுவரைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மைத்திண்டால் ஒற்றுவார்கள். உரிக்கும்போது கறுப்புத் தரையில் எழுத்து வெள்ளையாக நிற்கும். அதுதான் மைப்படி. தாள் கல்லின் மேல் படிந்து படி ஆகிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன். இது என் ஆசைதான், வேர்ச்சொல் ஆராய்ச்சி அல்ல.

ஆக, பழைய படிகள் எல்லாம் தொட்டு எடுத்தவை. எல்ஜினின் ஆட்களே 1802-இல் பார்த்தினானின் மேற்குப் பட்டைச் சிற்பங்களுக்குச் சாந்து அச்சு எடுத்தார்கள். கோயிலில் இருந்த மூலம் பிறகு மழையிலும் புகையிலும் அரித்துப்போக, அந்த அச்சில் வார்த்த உருவங்களில் இன்றும் சில நுணுக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. வார்ப்புக்கு அந்தப் புண்ணியம் உண்டு. பாவமும் உண்டு: அச்சு ஒட்டாமல் இருக்கப் பூசும் எண்ணெயும் சோப்பும் கல்லில் ஊறும், உரிக்கையில் மிச்சமிருக்கும் பழைய வண்ணம் கூடவே வரும். இரண்டாயிரம் ஆண்டுச் சிலைக்கு இன்று யாரும் சாந்து அப்ப விடமாட்டார்கள். அதனால்தான் ஒளி.

வழி இரண்டு. ஒன்று, ஒரே புள்ளியைப் பல கோணங்களில் படமெடுத்து, கோணக் கணக்கால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மற்றது, லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்துத் தூரத்தை அளப்பது. இரண்டிலும் கடைசியில் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் திரள். புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் சிலையின் தோல் வரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1998-99-இல் ஃபிளாரன்ஸ் போய், 5 மீட்டருக்கு மேல் உயரமான டேவிட் சிலையை இப்படி அளந்தபோது சுமார் 200 கோடி முக்கோணங்கள் சேர்ந்தன. ஒரு வேடிக்கை: பளிங்கு ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் லேசர் அளக்கும் தோல் உண்மைத் தோலிலிருந்து இம்மியளவு விலகும்.

வெட்டுவது சி.என்.சி., கணினி தரும் எண்களின்படி முனையை நகர்த்தும் இயந்திரம். கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கேட்டாலும் இதே மூன்றெழுத்துதான். 'கணினிவழி எண்கட்டுப்பாடு' என்று போனால் சிரிப்பார்கள். பூஜை அறைக் கதவில் சி.என்.சி. பிள்ளையாரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தும்பிக்கைக்கு அடியில் குடைவு இருக்காது, மரம் அடைத்துக்கொண்டிருக்கும். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மட்டும் நகர்ந்து மேலிருந்து இறங்கும் இயந்திரத்தின் முனை பக்கவாட்டில் நுழையாது. கராராவின் ரோபோ கை மணிக்கட்டைத் திருப்பி, குதிரையின் திறந்த வாய்க்குள் போகும். முதலில் பெரிய வைர முனை கழித்துத் தள்ளும், பிறகு சிறிய முனை. அப்போதும் முனை ஓடிய கோடுகள் உழவு சால் போல இணையிணையாகக் கிடக்கும். அவற்றைத் தேய்த்து எடுக்க மனிதக் கை வேண்டும்.

எனவே என் பரிந்துரை தொடாப்படி. செல்லாக்காசு எப்படியோ அப்படியே தொடாப்படி. ஈறு கெட்ட எதிர்மறை, வலி மிகும். 'தொடாதபடி' என்று யாராவது தவறாக வாசித்தாலும் பொருள் கெடாது. உருவம் எடுக்கும் படி என்பதால் முதலில் 'உருப்படி' என்றுதான் யோசித்தேன். அதை சலவைக்காரர் முந்தியே எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் இதை ஒட்டவும் கூடாது. 2016 ஏப்ரலில் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் நின்ற பல்மைரா வளைவு, முந்தைய ஆண்டு சிரியாவில் ஐ.எஸ். தீவிரவாதிகள் தகர்த்த மூலத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். மூலம் போன பிறகு பழைய படங்களிலிருந்து தொகுத்தது. அதை மாதிரி என்றால் போதும். கராராக் குதிரையின் அடியில் சீட்டு எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: 'செலீனியின் குதிரை. தொடாப்படி. மூலம் லண்டனில். கல் பென்டெலிக். செதுக்கியது ரோபோ, மெருகு கை.'